தீப்பிடிக்காத கடை

பயணச்சீட்டு இல்லாமல் கப்பலில் பதுங்கி வந்த ஓர் ஆங்கிலேய இளைஞனைக் கப்பல் தலைவர் கண்டுபிடித்து, சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. 1840களில் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகில் ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டி, முக்கால்வாசி நனைந்த நிலையில் கரையில் கொண்டுவந்து தள்ளுவார்கள். ஆக, கதையில் துறைமுகம் பொய். மீதி மெய்யாக இருக்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஏனென்றால் அந்த இளைஞனின் பெயர் ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். டிக்கெட் எடுக்காமல் ஊர் வந்து சேர்ந்தவரின் பெயரைப் பின்னாளில் நாங்களெல்லாம் பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் படிக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் பெரிய ஸ்டேஷன் எதுவானாலும், தண்ணீர்க் குழாய்க்கும் டீக்கடைக்கும் நடுவே அந்தப் பெயர்ப் பலகை இருக்கும்.

விழுப்புரம் ஜங்ஷனில்தான் நான் அதை முதலில் பார்த்தது. அது ரயில்வே இலாகாவில் ஒரு பிரிவு என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல், பார்சல், ஹிக்கின்பாதம்ஸ். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி பத்திரிகைகள் கிளிப்பில் தொங்கும். குமுதம், விகடன், கல்கி, அம்புலிமாமா, ராணிமுத்து, தெற்கு ரயில்வேயின் கால அட்டவணை. அதற்கும் பின்னால், பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், ஜேம்ஸ் ஹாட்லி சேஸ். வண்டி தாமதமாக வந்தால் அந்த ஸ்டாலைச் சுற்றி ஒரு வாசகர் வட்டம் கூடிவிடும். ஆளுக்கொரு பத்திரிகையை விரித்து, ஜோக்கைப் படித்து, தொடர்கதையில் இந்த வாரம் யார் செத்தார்கள் என்று தெரிந்துகொண்டு, கார்டு விசில் ஊதியதும் வைத்துவிட்டு ஓடுவார்கள். ஓடாமல் நின்று காசு கொடுப்பவர், வண்டியில் பக்கத்தில் உட்காரப் போகும் நாலு பேருக்கும் சேர்த்து வாங்குகிறார் என்று அர்த்தம்.

அந்தப் பெயரில் மவுண்ட் ரோட்டில் ஒரு மாளிகை இருக்கிறது என்று, வேலை தேடிச் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் பெரியப்பா வீட்டில் தங்கியபோதுதான் தெரிந்தது. பெரியப்பா எல்.ஐ.சி.யில் குமாஸ்தா. வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் அங்கே போய் ஒரு டைரி வாங்குவார். அதில் ஜனவரி முழுக்க எழுதுவார். பிப்ரவரியிலிருந்து அது பால் கணக்கு நோட்டாகிவிடும்.

“டேய், அங்க போறதா இருந்தா சட்டையை உள்ள விட்டுக்கிட்டுப் போ.”

“எதுக்கு பெரியப்பா?”

“வாங்காதவன்னு தெரியக் கூடாது.”

சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன். 1904இல் கட்டிய வெள்ளைக் கட்டிடம். கூரை அத்தனை உயரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புத்தகங்களெல்லாம் ஆள் உயரத்துக்குத்தானே அடுக்கியிருக்கின்றன? காற்றோட்டத்துக்கு என்று பிறகு படித்தேன். மின்விசிறியே புதுமையாக இருந்த காலத்தில் கட்டியது. சென்னையின் உப்பங்காற்றில் காகிதம் பூத்துப் போகாமல் இருக்க வேண்டுமே. பளிங்குத் தரை, வண்ணக் கண்ணாடி. வெயில் அந்தக் கண்ணாடி வழியாக வந்து தரையில் விழும்போது, வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பல்லவன் பஸ்ஸும் உள்ளே இருந்த இதுவும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்று நம்ப முடியாது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, விரட்டவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்காமலே நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் நடப்பதுபோல் நடந்து, ஒரு புத்தகத்தையும் தொடாமல் வெளியே வந்தேன்.

இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் மேற்கோள் காட்டும் கடிதம் ஒன்று இருக்கிறது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், தன் மைத்துனருக்கு எழுதியது. மவுண்ட் ரோட்டில் தனக்குப் பிடித்த ஒரு புத்தகக் கடை இருப்பதையும், அங்கே கிரேக்கப் பெரியவர்களும் லத்தீன் பெரியவர்களும் அழகழகான பதிப்புகளில் வீற்றிருப்பதையும் சிலாகித்திருக்கிறார். மைத்துனர் யார் என்றால், மெக்காலே. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்று 1835இல் எழுதி வைத்த அதே மெக்காலே. அந்த ஒற்றைத் தட்டு மவுண்ட் ரோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தகவல் கொடுத்தவர் அவர் தங்கை கணவர். மெக்காலே அந்த வருஷக் கடைசியில் காலமானார். டிரெவெல்யன் அடுத்த வருஷமே பதவி இழந்தார். புத்தகம் படித்ததற்காக அல்ல, கல்கத்தாவில் கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக. வருமான வரியை எதிர்த்து வேலை போன ஆளுநர் என்ற ஒரு காரணத்துக்காகவே சென்னையில் அவருக்கு நல்ல சிலையாக ஒன்று வைத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கடிதத்தை நம்பிக் கடையைக் கற்பனை செய்துகொண்டால் ஒரு விஷயம் பிடிபடாது. கிரேக்கர்கள் கடையை அலங்கரித்திருக்கலாம். கல்லாவை நிரப்பியவர்கள் வேறு.

ஹிக்கின்பாதம் வேலை பார்த்த இடம் வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திய புத்தகக் கிடங்கு. பைபிளும் சமயப் பிரசுரங்களும் விற்றார்கள், அதாவது விற்க முயன்றார்கள். நஷ்டம் தாங்காமல் மலிவாகக் கொடுத்துவிட, இவர் 1844இல் வாங்கினார். வாங்கியவர் ஆன்மாவை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். எழுதுபொருள், அச்சு வேலை, பதிப்பு, பாடப்புத்தகம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால், அதற்குப் புத்தகம் என்று ஒன்று வேண்டும். அடுத்த வருஷம் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. ஆட்சி மாறினால் அறிக்கை, அறிக்கை என்றால் அச்சு, அச்சு என்றால் காகிதம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது, இளவரசரின் அதிகாரபூர்வப் புத்தக விற்பனையாளர் என்ற பட்டம் கிடைத்தது. 1888இல் ஏபல் ஜோஷுவா சென்னையின் ஷெரீஃப். கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் நகரின் ஷெரீஃப் ஆன கதையை நம்ம ஊர் சினிமாவில் சொன்னால் லாஜிக் இல்லை என்பார்கள்.

அவர்கள் பதிப்பித்த நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சமையல் புத்தகம். கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் சென்னைத் துரைசானிகளுக்காக எழுதியது, 1878இல் வந்தது. பிரெஞ்சு முறைப்படி எப்படி விருந்து வைப்பது, டப்பா உணவை நம்பிக் கெட்டுப்போகாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, நடுவில் நம்ம மிளகுத்தண்ணிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பிளேட்டோ அடுக்கியிருந்த கடையிலிருந்து ரசம் அச்சேறிப் போயிருக்கிறது. இதைச் சொன்னபோது பெரியம்மா கேட்டாள்: “அவன் பெருங்காயம் போடச் சொல்லியிருக்கானா?” இலக்கிய விமர்சனத்தில் இதைவிடக் கூரான கேள்வியை நான் கேட்டதில்லை.

தந்தை 1891இல் காலமானபின் மகன் சி.எச். ஹிக்கின்பாதம் கடையைப் பெரிதாக்கினார். இன்று நாம் பார்க்கும் 1904ஆம் வருஷத்து மாளிகை அவர் காலத்தது. அடுத்த வருஷமே பெங்களூரில் ஒரு கிளை. ரயில் நிலைய ஸ்டால்கள் ஊர் ஊராகப் பரவின. வடக்கே ஏ.எச். வீலர், தெற்கே ஹிக்கின்பாதம்ஸ் என்று தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் கணிப்பு இதுதான்: அந்தப் பளிங்குத் தரைக்குப் படியளந்தது விழுப்புரம் ஜங்ஷன். சாம்ராஜ்யத்தின் புத்தகக் கடை என்று வெள்ளைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கையில், பீமநகர்க் குமாஸ்தாவும் திண்டுக்கல் வாத்தியாரும் வண்டி ஏறுமுன் வாங்கிய சில்லறைப் பத்திரிகையில் கடையின் விளக்கு எரிந்திருக்கும். கணக்குப் பேரேட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் கிரேக்கக் கவி பிண்டாரை வாங்க வரிசை நின்றிருக்காது என்று சொல்லப் பேரேடு தேவையில்லை.

1920களில் கடை குடும்பத்தின் கையை விட்டுப் போனது. வாங்கியவர் ஸ்பென்சர் கம்பெனியின் ஜான் ஓக்ஷாட் ராபின்சன். ஸ்பென்சர்தான் ரயில் நிலையச் சிற்றுண்டி அறைகளையும் நடத்தியது. ஆகவே பிரயாணி வாயில் வைத்த கட்லெட்டும் கையில் வைத்திருந்த நாவலும் ஒரே முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு 1940களில் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் கைப்பற்றியது. சிம்ப்சன், அடிசன், இந்தியா பிஸ்டன்ஸ், பிற்காலத்தில் டாஃபே டிராக்டர். ‘மெயில்’ என்ற மாலைப் பத்திரிகையும் அவர்களிடம் வந்தது. அது 1981இல் நின்றுபோனது. புத்தகக் கடை நிற்கவில்லை.

பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளெமென்ட் அட்லி இங்கேயிருந்துதான் மார்க்ஸின் ‘மூலதனம்’ வாங்கினார் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்து வாசக சாலையில் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தை, லண்டன்காரர் ஒருவர் சென்னையிலிருந்து தருவித்தார் என்றால் தபால் செலவையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் பழைய கடைகளுக்குக் கதைகள் வேண்டும்.

இப்போது எங்கள் காலத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி, எண்பதுகள். ‘அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் ஹிக்கின்பாதம்ஸே கதி என்று கிடந்தோம்’ என்று என் வயதுக்காரர்கள் மேடையிலும் முகநூலிலும் சொல்வதைக் கேட்கும்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆங்கில இலக்கியம் வேண்டுமென்றால் மவுண்ட் ரோட்டிலேயே பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் இருந்தது. அமெரிக்க இலக்கியத்துக்கு ஜெமினி பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகம். எல்லாம் வேண்டுமென்றால் எழும்பூரில் கன்னிமாரா. ரஷ்ய நாவல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் கெட்டி அட்டை போட்டு, அந்த அட்டையின் விலைக்குக்கூடக் காணாத விலையில் கொடுத்தார்கள். சோவியத் யூனியன் பிற்பாடு ஏன் உடைந்தது என்று யோசிப்பவர்கள் அந்த விலைப்பட்டியலையும் பார்க்க வேண்டும். பழைய புத்தகத்துக்குப் பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதை, லஸ் முனை, எல்லாவற்றுக்கும் மேலாக மூர் மார்க்கெட். நண்பகல் வெயிலுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்றால் சஃபையர் வளாகத்தில் புளூ டயமண்ட் தியேட்டர். ஒரு டிக்கெட் வாங்கினால் படம் திரும்பத் திரும்ப ஓடும், மாலைவரை தூங்கலாம். இவ்வளவையும் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் ஹிக்கின்பாதம்ஸ்.

அங்கே புத்தம் புதிய பெங்குவினைக் கையில் எடுப்போம். பின்னட்டையில் விலையைப் பார்ப்போம். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்வோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டில் போய், “அந்த பெங்குவின் இருக்கா, ஆரஞ்சுக் கலர்” என்போம். கடைக்காரர் கால்வாசி விலை சொல்வார். நாம் அதிலும் பாதி கேட்போம். முன்னட்டை கிழிந்திருக்கும், உள்ளே யாரோ ஒரு பிரெசிடென்சி காலேஜ் மாணவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். புதுப் புத்தகத்தை ஓரிடத்தில் பார்த்துவிட்டு அதையே மலிவாக வேறிடத்தில் வாங்கும் இந்தக் கலையை அமேசான்காரர்கள் கண்டுபிடித்ததாக இப்போதைய பிள்ளைகள் நம்புகிறார்கள். 2013இல் அமேசான் இந்தியாவுக்குள் வரும்போது எங்களுக்கு அதில் முப்பது வருஷ சர்வீஸ் ஆகியிருந்தது. போன் மட்டும்தான் இல்லை.

பிறகு சுற்றியிருந்ததெல்லாம் எரிய ஆரம்பித்தது. மிகையாகச் சொல்லவில்லை. பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டிடம், ஒரு காலத்தில் நாட்டிலேயே உயரமானது, 1975இல் எரிந்தது. பெரியப்பா அதைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். கோப்புகள் எரிந்ததைவிடத் தன் மேஜை டிராயரில் வைத்திருந்த குடை போனதுதான் அவருக்குப் பெரிய துக்கம். ஸ்பென்சர் 1983இல் எரிந்தது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அது எரிந்தபோது எங்கள் தலைமுறையின் பல்கலைக்கழகமே எரிந்தது என்று எழுதினார்கள், அது உண்மைதான். அங்கே இன்று நிற்பது புறநகர் ரயில்களின் ஸ்டேஷன். பின்னால் மெட்ரோ ரயில் வேலைக்காக பி.ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை வளாகத்தின் பின்பகுதியை இடித்தார்கள். இத்தனைக்கும் நடுவில், உள்ளே முழுக்கக் காகிதமே அடைத்து வைத்திருந்த ஒரு கட்டிடம் மட்டும் எரியாமலும் இடியாமலும் நின்றது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல வாசலில் ஒரு பழைய சைக்கிள் எப்போதும் நிற்கும். அதுதான் காரணம் என்பார் பெரியப்பா.

1987இல் நுங்கம்பாக்கம் ஹைரோட்டில், ஏபெக்ஸ் பிளாசாவின் தரைக்குக் கீழே லேண்ட்மார்க் திறந்தது. ஹேமு ராமையா என்ற பெண்மணி சொந்தமாக ஆரம்பித்த கடை. யாருடைய குழுமமும் இல்லை, பின்னணியில் டிராக்டரும் இல்லை. படியிறங்கிப் போனால் ஏ.சி., இசை, வாழ்த்து அட்டைகள், பொம்மைகள், அப்புறம் புத்தகங்கள், புத்தகங்கள், புத்தகங்கள். அங்கே சட்டையை உள்ளே விட வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் சீண்ட மாட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி முடித்த கையோடு ஊரே அவர்கள் நடத்தும் வினாடி வினாவுக்குப் போகும். அதுவரை புத்தகக் கடை என்றால் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று நினைத்திருந்த ஒரு நகரம், அங்கேதான் சத்தமாகப் பேசப் பழகியது. என் கல்யாணத்துக்குப் பிந்தைய ஞாயிறுகள் அங்கே கழிந்தன. ஹிக்கின்பாதம்ஸ் இனி அவ்வளவுதான் என்று நாங்கள் தீர்ப்பெழுதிவிட்டோம். உயரமான கூரைக்கெல்லாம் இனி யார் வருவார்கள்?

2005இல் டாட்டாவின் டிரென்ட் நிறுவனம் லேண்ட்மார்க்கின் பெரும்பங்கை வாங்கியது. கிளைகள் பெருகின, மால்களுக்குள் போயின, பொம்மை கூடியது, புத்தகம் குறைந்தது. பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். நுங்கம்பாக்கம் கடையும் போயிற்று. தனிமனித ரசனையில் பிறந்த சுதந்திரமான கடை, பெரிய கம்பெனியின் கைக்குப் போய் மறைந்தது. எண்பது வருஷமாகப் பெரிய கம்பெனியின் கையில் இருக்கும் கடை, சுதந்திரமாகத் தன் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. புத்தகக் கடைகளின் வீழ்ச்சியைப் பற்றி வழக்கமாக எழுதப்படும் கட்டுரைகளுக்குள் இந்தக் கணக்கு அடங்காது. சொந்தக் கட்டிடம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மவுண்ட் ரோட்டில் வாடகை கொடுத்துக்கொண்டு கவிதை விற்க முடியாது. புத்தகத்தில் கடைக்காரருக்கு நிற்பது விலையில் மூன்றில் ஒரு பங்குபோல. அதில் மின்கட்டணம், சம்பளம், திருட்டு, செல்லரித்தது எல்லாம் போக மிஞ்சுவதைக் கணக்கிட்டால், பிஸ்டன் செய்பவர்கள்தான் பொறுமையாக இருக்க முடியும் என்று தோன்றும்.

ரயில் நிலைய ஸ்டால்களுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. இன்று பிளாட்ஃபாரத்தில் பல்நோக்குக் கடை என்று எழுதியிருக்கிறார்கள். நோக்கம் பலவானாலும் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் போன் சார்ஜரும். தேடினால் ஓரத்தில் ஒரு ஜோதிட மாத இதழ் கிடைக்கும். வண்டி தாமதமானால் யாரும் தவிப்பதில்லை. எல்லோரும் கையிலிருக்கும் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு, கார்டு விசிலைக்கூடக் கேட்காமல் நிற்கிறார்கள். ஓசியில் படிக்கும் அந்தப் பழைய வாசகர் வட்டம் கலையவில்லை. தனித்தனியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சமீபத்தில் பேத்தியை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். பிளஸ் டூ படிக்கிறாள். எல்.ஐ.சி. மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினோம். அந்தப் பெயரில் பூமிக்கு அடியில் ஒரு ஸ்டேஷன் வரும் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால், அங்கேயாவது குடை பத்திரமாக இருக்குமா என்று கேட்டிருப்பார். கடைக்குள் நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள். நான் முன்பு செய்த மாதிரியே. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை.

“தாத்தா, சீலிங் செம! ஒரு போட்டோ எடுங்க. என்னை மட்டும் எடுக்காதீங்க, கண்ணாடியும் சேர்ந்து வரணும்.”

எடுத்தேன். நேராக வரவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னாள். நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள் கனகனமாக அடுக்கியிருந்தன. நோட்டு, பேனா, பரிசுப் பொருள். பார்த்ததும் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் புலம்பியது நினைவுக்கு வந்தது: “கிளாசிக்ஸ் இருந்த இடத்துல நீட் கைடு வெச்சிருக்கான் சார். கலாசாரமே போச்சு.” போகவில்லை. 1857இல் பல்கலைக்கழகம் திறந்த உடனேயே அந்தக் கலாசாரம் இந்த வாசலுக்குள் வந்துவிட்டது. அன்று மெட்ரிகுலேஷன், இன்று நீட். ஏபல் ஜோஷுவா இன்று உயிரோடு வந்தால் வண்ணக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, கைடுகளை வாசலுக்கு இன்னும் இரண்டு அடி பக்கத்தில் நகர்த்தியிருப்பார். வெள்ளைக்காரர் காலத்து நேர்த்தி என்று நாம் உருகுவது அவர் முகப்பில் போட்ட துணி. பின்னால் எப்போதுமே நோட்டுப் புத்தகம்தான்.

மாறியது ஒன்று உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் புத்தகங்களுக்கு என் ஞாபகத்தில் இருந்ததைவிட அகலமான இடம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முன்வரிசையில். மெக்காலேயின் அலமாரித் தட்டில் கல்கி வந்து உட்கார எத்தனை ஆண்டு, ஒரு மணிரத்னம் படம், எல்லாம் வேண்டியிருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தமிழ்க் கடல் ஜனவரியில் நந்தனத்தில் விரிகிறது. 1977இல் இதே மவுண்ட் ரோட்டு மதரஸா பள்ளியில் சில ஸ்டால்களோடு தொடங்கிய புத்தகக் காட்சி அது. அங்கே கூரை தகரம், தரை மரப்பலகை, நடந்தால் கால் தடுக்கும், டெல்லி அப்பளம் கிடைக்கும். நேர்த்தி மருந்துக்கும் இல்லை. கூட்டம் தாங்காது.

பேத்தி இரண்டு ஆங்கில நாவல் எடுத்தாள். போனில் விலையைப் பார்த்தாள். ஆன்லைனில் குறைவாகத்தான் இருந்தது, எனக்கும் காட்டினாள்.

“அப்புறம் ஏம்மா இங்க வாங்கற?”

“இது இன்னிக்கே படிக்கலாம்ல. அதுவும் இல்லாம, இங்க இவ்ளோ நேரம் போட்டோ எடுத்துட்டு ஒண்ணுமே வாங்காம போனா அசிங்கமா இருக்காது?”

என் தலைமுறையில் யாருக்கும் தோன்றாத யோசனை. பில் போடும் இடத்தில் அவளே பணம் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால், போனைச் சதுரத்துக்கு நேராகக் காட்டினாள். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பேனாவுக்கு உண்டு என்பதையும் பில்லைப் பார்த்து எனக்கு விளக்கினாள்.

எங்களுடையது ஒரு வாட்ஸ்அப் குழு. ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள், எல்லோரும் புத்தகப் பிரியர்கள். ‘ஹிக்கின்பாதம்ஸை மூடப் போகிறார்களாம், ஒரு சகாப்தம் முடிகிறது’ என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் கைகூப்பிய படத்தோடு போடுவார். யார் அனுப்பினார்கள் என்று தெரியாத செய்தி, முன்னனுப்புதல் முத்திரை மட்டும் இருக்கும். போன வாரமும் வந்தது. அழும் முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் தன் இளமைக்கால வாசிப்பை நாலு பத்தி எழுதினார். நான் அந்தப் போட்டோவைப் போட்டு, திறந்துதான் இருக்கிறது, போன மாதம் போய் வந்தேன், யாராவது போய் ஏதாவது வாங்குங்கள் என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நாலு பத்தி எழுதியவரே கேட்டார்:

“சார், அங்கே பார்க்கிங் வசதி எப்படி?”